பாத்ரூம் சீலிங் லைட்டில் தண்ணீர், ட்ரிப், மினுக்கல்: அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் வழி

சென்னை அடுக்குமாடிகளில் மேல் வீட்டு பாத்ரூமின் கழிவுக் குழாய்கள் பல இடங்களில் கீழ் வீட்டு பாத்ரூமுக்குள்தான் தொங்குகின்றன. குழாய் கண்ணில் படாமலிருக்க ஃபால்ஸ் சீலிங் போடுகிறார்கள். சீலிங் போட்ட கையோடு அதில் ஓட்டை போட்டு எல்இடி லைட்டைப் புதைக்கிறார்கள். சீலிங்கில் இருக்கும் பெரிய ஓட்டை அதுதான் என்பதால், மேலே எந்த மூலையில் கசிந்தாலும் தண்ணீர் லைட் வழியாகத்தான் எட்டிப் பார்க்கும். பலரும் லைட் கெட்டுவிட்டது என்று புது லைட் வாங்கிப் போடுகிறார்கள். அதுவும் போன பிறகுதான் ஆளைத் தேடுகிறார்கள்.

கீழே உள்ளவை ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையில் தொடங்கி, செலவு கூடிக்கொண்டே போகும் வரிசையில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

எதையும் தொடுவதற்கு முன்

சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அது ஒரு வயரை மட்டுமே துண்டிக்கும்; வயரிங் செய்தவர் பேஸுக்கு (கரன்ட் வரும் வயர்) பதிலாக நியூட்ரலில் (கரன்ட் திரும்பும் வயர்) சுவிட்சைப் போட்டிருந்தால், அணைத்த பிறகும் லைட்டில் 230 வோல்ட் இருக்கும். டிபி பாக்ஸில் (வீட்டுக்கு வரும் கரன்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) அந்தச் சர்க்யூட்டின் எம்சிபியை (லோடு மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) இறக்குங்கள். எது என்று தெரியாவிட்டால் மெயினையே இறக்குங்கள்.

நம் ஊரில் பலரும் மறப்பது இன்வெர்ட்டரை. பாத்ரூம் லைட் அநேகமாக இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கும். மெயினை இறக்கியதும் கரன்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டை அனுப்பத் தொடங்கிவிடும். அதன் முன்பக்கப் பொத்தானை மட்டும் அணைத்தாலோ, பல மாடல்களில் ஈபி கரன்ட் உள்ளே நுழைந்து அப்படியே வெளியே போகும். ஆகவே இரண்டையும் அணைக்க வேண்டும்.

மல்டிமீட்டரை முதலில் கரன்ட் இருக்கிற வேறு ஏதாவது ஓரிடத்தில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். இன்வெர்ட்டரையும் மெயினையும் இறக்குவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். இரண்டையும் இறக்கிய பின் லைட் முனையில் பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் அளக்கவும். ஸ்க்ரூடிரைவர் டெஸ்டர் எரியாததை வைத்துக் கரன்ட் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. டெஸ்டருக்குள் இருக்கும் நியான் பல்பே போயிருக்கலாம்.

சோதனை எதுவும் இல்லாமல் உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய நிலைகள்: குழாயையோ ஷவரையோ தொட்டால் சுள்ளென்கிறது, சீலிங் கம்பிச் சட்டத்தில் டெஸ்டர் எரிகிறது, பிளாஸ்டிக் கருகும் வாசனை வருகிறது, டிபியில் ஆர்சிசிபியே (கரன்ட் எர்த்துக்குக் கசிந்தால் ட்ரிப் ஆகி, அதாவது தானே விழுந்து, லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லை. கடைசியாகச் சொன்னது இருந்தால் லைட்டுக்கு முன் அதற்குச் செலவு செய்யுங்கள். எம்சிபி வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும்.

அறிகுறி 1: லைட் வழியாகத் தண்ணீர் சொட்டுகிறது

கரன்ட்டை அணைத்துவிட்டு சீலிங்கை அண்ணாந்து பாருங்கள். போர்டு வயிறு தள்ளியிருந்தால் மேலே தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஜிப்சம் போர்டு ஊறினால் எந்த நேரமும் பெயர்ந்து விழும். வாளியை வைத்து, தொங்கும் இடத்தின் நடுவில் ஸ்க்ரூடிரைவரால் குத்தித் தண்ணீரை இறக்கிவிடுங்கள். போர்டு எப்படியும் போனதுதான். பிறகு ஸ்பிரிங் கிளிப்பை மடக்கி லைட்டைக் கீழே இழுத்துக் கழற்றிவிடுங்கள். இனி அந்த ஓட்டைதான் நமக்கு ஜன்னல். டார்ச்சை உள்ளே நீட்டி செல்போனில் வீடியோ எடுத்தால் தலையை நுழைக்காமலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

சொட்டும் இடத்தில்தான் கசிகிறது என்று நினைக்காதீர்கள். குழாயின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் மூன்று நான்கு அடி நகர்ந்து, சரிவு முடியும் இடத்தில்தான் விழும். இடத்தைவிட நேரம்தான் நல்ல துப்பு. எப்போது சொட்டுகிறது என்று ஒரு நாள் குறித்து வைத்தால் போதும்.

*இரவும் பகலும் ஒரே சீராகச் சொட்டுகிறது*

இது தண்ணீர் வரும் லைன். மேல் வீட்டுக்காரரிடம் சொல்லி அந்த பாத்ரூமுக்கான வால்வை ஒரு மணி நேரம் மூடச் சொல்லுங்கள். சொட்டு நின்றால் உறுதி. முதலில் ஆங்கிள் காக், ஃபிளஷ் டேங்க் இணைப்புக் குழாய், ஹெல்த் ஃபாசெட் ஆகிய வெளியில் தெரியும் இடங்கள். வாஷர் மாற்றினால் தீர்ந்துவிடும் கேஸ்கள் இவை. அங்கே காய்ந்திருந்தால் சுவருக்குள் போகும் சிபிவிசி குழாய். கீசர் ஓடும்போது மட்டும் சொட்டு கூடினால் வெந்நீர் லைன் என்று பிரித்துவிடலாம். சுவருக்குள் என்று தெரிந்ததும் டைல்ஸை உடைக்கத் தொடங்க வேண்டாம். பிளம்பரிடம் பிரஷர் பம்ப் வைத்து லைனைச் சோதிக்கச் சொல்லுங்கள். எந்த லைன் என்று தெரியாமல் உடைப்பதில் கொத்தனாருக்கு மட்டுமே லாபம்.

*மேலே யாராவது குளித்தால், ஃபிளஷ் செய்தால் மட்டும் சொட்டுகிறது*

அதிகமாக வருவது இதுதான். கழிவு லைன், அல்லது தரை. இரண்டையும் பிரிப்பது முக்கியம், ஏனென்றால் ஒன்று சில நூறில் முடியும். மற்றது பாத்ரூமையே பெயர்க்க வைக்கும்.

முதலில் சீலிங்குக்குள் தெரியும் ஒவ்வொரு குழாய் ஜாயின்ட்டையும் துணியால் துடைத்து, காய்ந்த செய்தித்தாள் பட்டையைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். பிறகு மேலே ஒவ்வொன்றாகத் தண்ணீர் விட வேண்டும்: வாஷ்பேசினில் மட்டும், சற்று இடைவெளி, தரை வடிகாலில் மட்டும், சற்று இடைவெளி, பிறகு ஃபிளஷ். எந்தப் பட்டை முதலில் நனைகிறதோ அந்த ஜாயின்ட். குழப்பமாக இருந்தால் பேசினுக்குச் சிவப்பும் தரைக்குப் பச்சையுமாக கேசரிப் பவுடர் கலந்து விடலாம். சொட்டும் நிறம் சொல்லிவிடும்.

ஜாயின்ட்டிலேயே நனைந்தால், எஸ்டபிள்யூஆர் குழாயின் (கழிவுநீருக்கான பிவிசி குழாய்) ரப்பர் ரிங் மடங்கியிருக்கும். அல்லது கிளாம்ப் இல்லாமல் குழாய் தொய்ந்து ஜாயின்ட் வாய் திறந்திருக்கும். கிளாம்ப் போட்டுத் தூக்கினாலே நின்றுவிடுவதும் உண்டு. வெளியே எம்-சீல் அப்பி மூடுவது அடைமழைக்குக் குடை பிடிப்பது போலத்தான். அந்தத் துண்டைக் கழற்றி, ரிங் மாற்றி, லூப்ரிகன்ட் தடவி மறுபடி ஏற்றுவதுதான் வேலை. அது பிளம்பர் வேலை.

ஜாயின்ட்கள் காய்ந்திருக்க, குழாய் கான்கிரீட்டைத் துளைத்து இறங்கும் இடத்தில் வெளிப்புறமாகத் தண்ணீர் வழிந்தால் குழாய் நல்ல குழாய்தான். தண்ணீர் டைல்ஸுக்கு அடியில் இறங்கி, நஹானி ட்ராப்பை (தரை வடிகாலுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் வளைவு) சுற்றி நிரப்பாமல் விட்ட இடைவெளி வழியாக வருகிறது. மேலே ட்ராப்பை இறுக அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். வடிகாலில் சொட்டுத் தண்ணீர்கூடப் போகாமலே கீழே ஒழுகினால் தரைதான். முதலில் வடிகால் மூடியான ஜாலியைச் சுற்றியும் சுவர் ஓரங்களிலும் டைல்ஸ் இடுக்கில் உள்ள பழைய கிரௌட்டைச் சுரண்டி எபாக்ஸி கிரௌட் போட்டுப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் டைல்ஸ் பெயர்த்து வாட்டர்ப்ரூஃபிங். இந்தக் கட்டத்தில் மேல் வீட்டுக்காரருடன் பேச்சுவார்த்தை தொடங்கும். நிறம் கலந்த சோதனையின் வீடியோ கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

*ஏசி ஓடும்போது மட்டும் சொட்டுகிறது*

பக்கத்து அறை ஏசியின் வடிகால் குழாயை பாத்ரூம் சீலிங்குக்குள் கொண்டுபோய் விடுவது சகஜம். குழாயைத் தொட்டுப் பாருங்கள். வெளிப்புறம் வியர்த்திருந்தால் இன்சுலேஷன் ஸ்லீவ் போட்டால் போதும். வியர்வை இல்லாமல் தண்ணீர் எதிர்த்து வந்தால் அடைப்பு அல்லது சரிவின்மை. ஏசி சர்வீஸ்காரர் ஊதிச் சுத்தம் செய்வார். மேல் வீட்டுக்காரரை இதற்காகக் குற்றம் சொல்லிவிட்டு, பிறகு லிஃப்ட்டில் முகம் திருப்பிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

*ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும்*

வெளிச்சுவர் அல்லது குழாய்கள் இறங்கும் டக்ட். இது வீட்டுக்குள் சரிசெய்யும் விஷயம் இல்லை, சங்கத்திடம் போக வேண்டும்.

ஒரு குறிப்பு. பழைய கட்டடங்களில் பாத்ரூம் ஸ்லாபைத் தாழ்த்தி, குழாயை அதன் மேலேயே புதைத்து, செங்கல் ஜல்லி கொட்டி மூடியிருப்பார்கள். அங்கே கசிந்தால் அந்தப் பள்ளம் முழுதும் தண்ணீர் நிறைந்து, வால்வை மூடிய பிறகும் நாள்கணக்கில் ஊறி இறங்கும். மேலே சொன்ன ஒரு மணி நேரக் கணக்கு அங்கே செல்லாது.

அறிகுறி 2: சொட்டவில்லை, லைட்டைச் சுற்றி மஞ்சள் வட்டம்

வட்டத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். இரண்டு வாரத்தில் கோட்டைத் தாண்டாவிட்டால் அது பழைய கறை. கறை மறைக்கும் பிரைமர் அடித்துவிட்டுப் பெயின்ட் அடிக்கலாம். தாண்டினால் மெதுவான கசிவு, அறிகுறி 1-க்குப் போங்கள். கறுப்புப் புள்ளிகளாக இருந்தால் பூஞ்சை. அதற்குக் காரணம் பெரும்பாலும் அடுத்த அறிகுறியில் இருக்கிறது.

அறிகுறி 3: லைட்டின் மூடிக்குள் ஆவி, துளிகள்

குளித்து முடித்ததும் வந்து, மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறதா? அப்படியானால் மேல் வீடு நிரபராதி. உங்கள் கீசர் ஆவிதான்.

முதல் சந்தேகம் எக்ஸாஸ்ட் ஃபேன். ஃபேன் ஓடும், சத்தமும் வரும். ஆனால் அதன் மடிப்புக் குழாய் சுவர் ஓட்டையிலிருந்து நழுவி சீலிங்குக்குள்ளேயே கிடக்கும். பாத்ரூமின் ஈரம் முழுவதையும் லைட்டின் முதுகில் ஊதிக்கொண்டிருக்கும். லைட்டைக் கழற்றி உள்ளே பார்த்தாலே தெரியும். குழாயை மாட்டி கிளாம்ப் இறுக்கினால் முடிந்தது.

அடுத்து லைட்டின் ரகம். ஹாலில் போடும் ஐபி 20 லைட்டை (ஐபி எண் என்பது தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) பாத்ரூமில் போட்டிருந்தால் ஆவி நுழையத்தான் செய்யும். ஐபி 44 அல்லது 65 வாங்குங்கள். ஆனால் அட்டைப் பெட்டியில் ஐபி 65 என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். புதைக்கும் லைட்டுகள் பலவற்றில் அந்த மதிப்பு கீழே தெரியும் முகத்துக்கு மட்டும்தான்; முதுகுப் பக்கம் திறந்தே இருக்கும். கீழிருந்து வரும் ஆவிக்கு அது போதும். மேலிருந்து விழும் சொட்டுக்கு அது ஒன்றும் செய்யாது. குழாய்க்குக் கீழே லைட் போடுபவர்கள் பார்க்க வேண்டியது முதுகைத்தான். துண்டுச் சீட்டில் முன்பக்கம் மட்டும் என்று குறிப்பு இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

அறிகுறி 4: ஆர்சிசிபி ட்ரிப் ஆகிறது

ட்ரிப் ஆகும் ஆர்சிசிபியைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். அதை பைபாஸ் செய்து தருகிறேன் என்று சொல்லும் ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். எப்போது விழுகிறது என்று பாருங்கள்.

*லைட் சுவிட்சைப் போட்டதும் விழுகிறது:* லைட், டிரைவர் (மெயின் கரன்ட்டை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி), அல்லது சுவிட்சிலிருந்து வரும் வயர். லைட்டைக் கழற்றி, இரண்டு முனைகளையும் தனித்தனியாக கனெக்டரில் மூடிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். இப்போது நின்றால் பழுது லைட்டில், மாற்றிவிடலாம். இன்னும் விழுந்தால் வயரில்.

*பாத்ரூமின் எல்லா சுவிட்சும் அணைந்திருந்தும் விழுகிறது:* சீலிங்குக்குள் கீசர் சுவிட்சுக்கோ எக்ஸாஸ்ட் சுவிட்சுக்கோ போகும் பேஸ் லைனின் ஜாயின்ட் நனைந்திருக்கலாம். அல்லது நியூட்ரல் வயரின் தோல் சீலிங் சேனலின் ஸ்க்ரூவில் கிழிந்து இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். இரண்டாவது பழுது ஒரு விதத்தில் வேடிக்கை காட்டும். வீட்டில் லோடு குறைவாக இருக்கும்போது அமைதியாக இருந்துவிட்டு, அயர்ன் பாக்ஸோ மோட்டாரோ ஓடும்போது ட்ரிப் ஆகும். அயர்ன் பாக்ஸைச் சந்தேகித்துப் புதிது வாங்குவார்கள். அதுவும் ட்ரிப் ஆகும்.

இந்தக் கட்டத்தில் எலக்ட்ரீஷியன் வேண்டும். அவர் மெகர் (வயரின் இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்து 500 வோல்ட்டில் சோதிப்பார். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வயர் ஆகாது. சோதிக்கும் முன் லைட் டிரைவர்களைக் கழற்றிவிட்டாரா என்று மட்டும் கேளுங்கள். கழற்றாவிட்டால் அளவும் தப்பாகக் காட்டும், டிரைவரும் போகலாம்.

*ட்ரிப்பே ஆகவில்லை, ஆனால் லைட் நனைந்திருக்கிறது:* சந்தோஷப்பட ஒன்றுமில்லை. ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். விழாவிட்டால் அது செத்துவிட்டது. விழுந்தாலும் இன்வெர்ட்டர் விஷயம் இருக்கிறது: ஆர்சிசிபி இன்வெர்ட்டருக்கு முன்னால் இருந்தால், கரன்ட் போய் பேட்டரியில் ஓடும் நேரத்தில் பாத்ரூம் லைட்டுக்கு அதன் காவல் கிடையாது. இன்வெர்ட்டருக்குப் பின் தனி ஆர்சிசிபி போட முடியுமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். நியூட்ரலைப் பிரிக்க வேண்டியிருக்கும் என்பதால் இது தானாகச் செய்து பார்க்கும் வேலை அல்ல.

அறிகுறி 5: மினுக்குகிறது, அல்லது டிரைவர் அடிக்கடி போகிறது

வீடு முழுக்க மினுக்கினால் சப்ளை பிரச்சினை, இங்கே தேட வேண்டாம். இந்த லைட் மட்டும் என்றால், முதலில் கனெக்டர் ஸ்க்ரூவை இறுக்குங்கள். கறுப்பு டேப் சுற்றிய ஜாயின்ட் இருந்தால் பிரித்துப் பாருங்கள். ஈரத்தில் டேப் பிசுபிசுத்து, செம்பு பச்சை பூத்திருக்கும். பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டித் தள்ளி, மூடியுள்ள ஜங்ஷன் பாக்ஸுக்குள் கனெக்டர் போட்டு இணைக்க வேண்டும். வயர் நீளம் போதாவிட்டால் இழுத்துப் பிடித்து ஒட்டுப் போடாமல் புது வயர் இழுப்பதே நல்லது.

அடுத்தது டிரைவர். லைட்டையே மாற்றாமல் டிரைவரை மட்டும் மாற்றலாம், ஆனால் வாட்டை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. பழைய டிரைவரில் அச்சிட்டுள்ள மில்லி ஆம்பியர் அளவும் வெளியேறும் வோல்ட் வரம்பும் ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் கூடினால் லைட் பளிச்சென்று எரிந்துவிட்டுச் சில மாதத்தில் கறுத்துவிடும்.

புது டிரைவரும் சீக்கிரம் போனால் அது எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். கீசரிலிருந்து வரும் வெந்நீர்க் குழாய்மேல் சாய்ந்திருக்கும். இல்லாவிட்டால் ட்ராப்புக்கு நேர் கீழே.

நனைந்த டிரைவரை வெயிலில் காயவைத்து மறுபடி மாட்டும் வழக்கம் ஒன்று இருக்கிறது. வேண்டாம். சோப்பும் உப்பும் கலந்த கழிவுநீர் காய்ந்தாலும் சர்க்யூட் போர்டில் படிவம் தங்கிவிடும். அடுத்த முறை ஈரம் பட்டதும் அந்தப் படிவம் வழியாகக் கரன்ட் ஓடும்.

அறிகுறி 6: அணைத்த பிறகும் மங்கலாக எரிகிறது

சுவிட்சில் இன்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியாகக் கசியும் சிறு கரன்ட் காரணமாக இருக்கலாம். இன்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் போட்டுப் பாருங்கள். அதில் தீராவிட்டால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டும். மங்கலான வெளிச்சம் யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் சுவிட்சை அணைத்துவிட்டேன் என்ற நம்பிக்கையில் ஈரக் கையோடு லைட்டைத் துடைக்கப் போகும் ஆளுக்கு இந்த வயரிங் ஆபத்து. ஒத்திப் போடாதீர்கள்.

அறிகுறி 7: லைட் ஓரத்தில் நாற்றம்

குளியல் நேரத்தில் மட்டும் சாக்கடை வாசனை என்றால் மேலே ஏதோ ஜாயின்ட் காற்று விடுகிறது. இன்று வாசனை, நாளை தண்ணீர். எப்போதும் நாற்றம் என்றால், முதலில் உங்கள் வீட்டுத் தரை ட்ராப்பில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நீண்ட நாள் பூட்டியிருந்த வீட்டில் ட்ராப் வறண்டுதான் நாற்றம் வரும், சீலிங்குக்கு அதில் பங்கே இல்லை.

திரும்பப் பொருத்தும்போது

கசிவு நின்றதாகத் தோன்றிய அன்றே லைட்டைப் போட வேண்டாம். ஓட்டையைத் திறந்தே வைத்து, மேல் வீட்டில் வழக்கம்போலப் புழங்கவிட்டு, செய்தித்தாள் பட்டைகள் ஒரு வாரம் காய்ந்தே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஊறிய போர்டு காய்ந்தாலும் ஸ்பிரிங் கிளிப்பைத் தாங்காது; அந்தப் பகுதியை வெட்டி மாற்றுங்கள். வெள்ளை ஜிப்சம் போர்டுக்குப் பதில் ஈரம் தாங்கும் பச்சை போர்டோ கால்சியம் சிலிக்கேட்டோ போடலாம். அதே சமயம் ட்ராப்புக்கு அடியில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி திறப்புக் கதவு ஒன்றை வைக்கச் சொல்லிவிடுங்கள். அது இல்லாத சீலிங்கில் அடுத்த கசிவுக்கு மறுபடியும் லைட் ஓட்டைதான் வழி.

லைட்டைப் பழைய இடத்திலேயே போட வேண்டிய கட்டாயம் இல்லை. ட்ராப், ஜாயின்ட், கிளீனிங் மூடி இவற்றுக்கு நேர் கீழே மட்டும் கூடாது. ஓர் அடியாவது தள்ளுங்கள். உள்ளே இடம் குறைவாக இருந்தால் லைட்டின் முதுகு குழாயில் முட்டும். அங்கே புதைக்கும் லைட்டை விட்டுவிட்டு, சீலிங்குக்குக் கீழே ஒட்டும் சர்ஃபேஸ் லைட் போடுவது எவ்வளவோ மேல். அழகு கொஞ்சம் குறையும்தான்.

ஷவருக்கு மேலே வரும் லைட்டுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஷவர் பகுதியில் தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரை ஈர மண்டலம் என்பது சர்வதேச மின் விதிக் கணக்கு. ஷவர் தலை அதைவிட உயரத்தில் இருந்தால் அதுவரைக்கும். நம் அடுக்குமாடிகளில் குழாய்க்காகத் தாழ்த்திய சீலிங் ஏழு, ஏழரை அடியில் நிற்கிறது. 2.25 மீட்டர் என்பது சுமார் ஏழு அடி நாலரை அங்குலம். நாடா வைத்து அளந்து பாருங்கள். அதற்குள் வந்தால் ஷவருக்கு மேலே 12 வோல்ட் லைட் போட்டு, டிரைவரை பாத்ரூமுக்கு வெளியே வைப்பதே என் பரிந்துரை. அந்த டிரைவர் மெயின் கரன்ட்டிலிருந்து முழுதாகப் பிரிக்கப்பட்ட ஐசொலேட்டட் ரகமாக இருக்க வேண்டும். மலிவான லைட்டுகளின் டிரைவர்களில் பல அப்படி இல்லை. வெளியே வரும் வோல்ட் குறைவாகத் தெரிந்தாலும் தொட்டால் மெயின் கரன்ட் அடிக்கும்.

உலோக உடல் கொண்ட லைட்டில் எர்த் முனை இருந்தால் பச்சை வயரை அதில் கொடுத்தே தீர வேண்டும். பெட்டிக்குள் பெட்டி வரைந்த சதுரக் குறி இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் லைட், எர்த் கேட்காது. டிரைவரையும் ஜங்ஷன் பாக்ஸையும் சீலிங் போர்டின் மேல் படுக்கப் போடாமல், சேனலில் உயர்த்திக் கட்டுங்கள். லைட்டுக்குள் நுழையும் வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு, கீழே வளைத்து மேலே ஏற்றி உள்ளே நுழைத்துவிடுங்கள். வயர் வழியே வரும் துளி அந்த வளைவிலேயே விழுந்துவிடும், கனெக்டருக்குள் போகாது. எல்லாம் முடிந்து கரன்ட் கொடுத்ததும், லைட்டைப் போடும் முன் ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.